மந்திரி திறந்த குழாய்

இதை எழுத உட்காரும்போதே கை கூசுகிறது. எட்டாவது வரை படித்தவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சமையற்கட்டுப் பக்கம் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். நகராட்சி எப்படி நடந்தது, பணம் எப்படிப் போனது என்று எழுத விவரம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு குழாய். அதற்கு மேல் தெரிந்ததுபோல எங்கேயாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். திருப்பூரை ஒட்டிய ஒரு சின்ன நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், மீதிப் பேர் துணி வெளுக்கும் சலவைப் பட்டறைகளுக்கு. நான் வீட்டிலிருந்தபடியே பிசிறு வெட்டினேன். தைத்து வரும் பனியனில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கோலால் நறுக்கும் வேலை அது.

என் வீட்டுக்காரர் நகராட்சியில் குழாய் பிட்டர். பிட்டர் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். உள்ளபடி தினக்கூலி. வேலைக்குக் கூப்பிட்டால் கூலி உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் பெர்மனென்ட் ஆகிவிட்டார்கள். சேர்மன் மனசு வைத்தால் இவருக்கும் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். சேர்மன் மனசு எங்கள் வார்டு கவுன்சிலர் கையில் இருந்தது. அதனால் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு எதில் தொடங்கினாலும் அந்தப் பெர்மனென்ட் ஆர்டரில் போய்த்தான் நிற்கும். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் நான் எழுந்துவிடுவேன். நகராட்சிப் பியூன் சைக்கிளில்தான் வருவார்.

தெருவில் குழாய் கிடையாது. ரயில்வே கேட்டைத் தாண்டி வேறு தெருவுக்குப் போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டும். கேட் சாத்தியிருந்தால் இடுப்பில் நிறைகுடத்தோடு கூட்ஸ் வண்டி போகிறவரை நிற்க வேண்டும். அந்தத் தெருக்காரர்கள் தங்கள் குடம் நிறைந்த பிறகுதான் எங்களை விடுவார்கள்.

குழாய் வேண்டும் என்று கவுன்சிலரிடம் கேட்காத பண்டிகை இல்லை. அவரும் மறுத்ததில்லை. "சேர்மன் அவசரச் செலவுல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கறாருங்கம்மா" என்பார். அவசரச் செலவு என்பது கவுன்சில் கூட்டத்தில் வைக்காமல் சேர்மனே கையெழுத்துப் போட்டுச் செய்யக்கூடியது. என் வீட்டுக்காரர்தான் எனக்கு அதைச் சொன்னார். "தீப் புடிச்சா, வெள்ளம் வந்தா செய்யறதுக்கு வெச்சது அம்மிணி. இங்க அதுல விழாவுக்கு மாலைதான் வாங்கறாங்க. வாடறதுக்குள்ள போடோணுமில்ல, அதுதான் அவசரம்" என்றார்.

பிறகு ஒரு நாள், மந்திரி வருகிறார் என்று கவுன்சிலரே தெருவுக்கு வந்து சொன்னார். நகராட்சிக் கட்டடத்தில் புது மாடி திறக்கிறார், போகிற வழியில் நம் தெருக் குழாயையும் திறந்து வைப்பார், பெண்கள் ஆரத்தி எடுக்க வேண்டும், வளைவு கட்ட வேண்டும். எதிர்வீட்டு ராவுத்தர் வீட்டு அக்கா அப்போதே கேட்டுவிட்டார். அவர் வீட்டுக்காரர் பனியன் வேஸ்ட் வாங்கி விற்கிறவர். அக்காவுக்கு யாரிடமும் பயம் கிடையாது.

"ஏனுங்ணா, திறக்கறதுக்குக் குழாய் வேணுமில்லீங்க?"

"குழாய் வராம மந்திரி வருவாராக்கா? எல்லாம் வந்துரும்."

முதலில் வந்தது கல். திருமுருகன்பூண்டியில் கொத்தியது, மந்திரி பேர் பெரிதாக, சேர்மன் பேர் அதற்குச் சற்றுக் குறைவாக, கவுன்சிலர் பேர் கீழே. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடுத்தது வளைவுக்குத் துணி. கவுன்சிலருக்குச் சொந்தமாகச் சலவைப் பட்டறை உண்டு. அங்கே வெளுத்த பனியன் துணியையே சுருள் சுருளாக அனுப்பிவிட்டார். பின்னல் துணி வெட்டுவதற்கு முன் குழாய் மாதிரி உருளையாகத்தான் இருக்கும். ராவுத்தர் வீட்டு அக்கா அதற்குள் கையை விட்டு முழங்கை வரை ஏற்றிக்கொண்டு, "பாத்துக்கங்க, துணியிலயாவது குழாய் குடுத்துட்டாங்க" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சோற்றைப் போட்டு வைத்தேன். பிசைந்தார், வைத்தார், எழுந்து வாசலுக்குப் போனார், வந்தார்.

"என்னங்க?"

"நம்ம தெருவுக்குப் பைப்பு போட்டு முடிஞ்சுதாமா."

"எங்கீங்க? ஒரு குழிகூடத் தோண்டலையே."

"கவுன்சிலர் பட்டறைல போட்டிருக்குது. ரண்டு மாசத்துக்கு முன்னால நான்தான் போட்டேன். பட்டறை வேலைன்னு சொன்னாங்க, போட்டேன். இன்னைக்குத்தான் ஓவர்சியர் சொல்றாரு, அந்தப் பைப்பெல்லாம் நம்ம தெரு பேர்ல சேர்மன் அவசரச் செலவுல வாங்குனதாமா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அப்ப மந்திரி எதத் திறப்பாரு?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தெருமுனையில் ஒரு பஞ்சுக் கிடங்கின் சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் கல்லடுக்கி மேலே ஒரு டிரம் வைப்பது. டிரம்மின் அடியிலிருந்து சுவருக்குக் கீழே ஒரு பைப்பு. இந்தப்பக்கம் குழாய். மந்திரி திருகினால் தண்ணீர் கொட்டும். ஒரு குடம் நிறையும், போட்டோ எடுப்பார்கள், மந்திரி போய்விடுவார். அதைச் செய்யச் சொல்லி இவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"மாட்டேன்னு சொல்லீருக்கலாமில்லீங்க?"

"ஆர்டர் சேர்மன் மேசைமேல இருக்குதாமா. கவுன்சிலர் சொல்றாரு, மந்திரி போன கையோட கையெழுத்தாமா."

நான் பிசிறு வெட்ட உட்கார்ந்தேன். நூலை நறுக்குவதற்குப் பதில் பனியன் கையை நறுக்கிவிட்டேன். எடுத்து மூட்டையின் அடியில் வைத்தேன். மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்.

டிரம் வந்தது. கவுன்சிலர் பட்டறையில் ப்ளீச்சிங் பவுடர் வந்த டிரம். இவர் எத்தனையோ தரம் கழுவியும் வாசனை போகவில்லை. தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிடங்குச் சுவருக்குள் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? அந்தச் சுவரை மறைத்துத்தான் வளைவும் கட்டியிருந்தார்கள்.

மந்திரி வருவதற்கு முந்தின நாள், வளைவுக்கு மாவிலை கட்டும்போது பெண்கள் ஒரு பேச்சு எடுத்தார்கள். எங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வெவ்வேறு வறண்ட ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கிணறு வெட்டித் தண்ணீர் கண்டால் முதல் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்பது அந்த ஊர்களில் வழக்கம். ஒரு வீடு விட்டுப் போனாலும் அந்தக் கிணறு சீக்கிரம் வற்றிவிடும் என்று பயப்படுவார்கள். அதனால் நாளைக்கு வீட்டுக்கு ஒரு குடம், மஞ்சள் பூசி, கழுத்தில் வேப்பிலை கட்டி, எல்லாரும் வரிசையாக நின்று பிடிப்பது என்று முடிவாயிற்று. ராவுத்தர் வீட்டு அக்கா, "மஞ்சள் எனக்கு வேண்டாம், குடம் மட்டும் கொண்டாறேன். என்ற ஊட்ட உட்றாதீங்க" என்றார்.

நான் மனசுக்குள் குடங்களை எண்ணினேன். டிரம் எத்தனை குடத்துக்கு வரும்? தெருவில் பாதி வீட்டுக்குக்கூட வராது.

வீட்டுக்கு ஓடிவந்து இவரிடம் சொன்னேன். இவர் கவுன்சிலர் வீட்டுக்கு ஓடினார். இன்னொரு டிரம் வைக்கலாமா என்று கேட்டாராம். அங்கே மந்திரிக்கு ஊத்துக்குளி நெய்யில் பலகாரம் செய்து தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். கவுன்சிலர் தலையைத் தூக்காமலே, "ஒரு குடத்தோட முடியோணும். ஊட்ல சொல்லி நாலு பொம்பளைகள அடக்க முடியலீன்னா நீயெல்லாம் என்னத்தப் பெர்மனென்ட் ஆகி..." என்று விட்டுவிட்டாராம்.

ஆக, அது என் தலையில் வந்து விழுந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன், குடம் எதற்கு என்று திரும்ப வைத்துவிட்டுப் போனேன். பெண்கள் கோலத்துக்கு இடம் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்கக்கா... எல்லாரும் குடம் கொண்டாந்தா மந்திரிக்கு நேரமாயிருமுங்க. ஒரு குடம் புடிச்சாப் போதாதுங்களா?"

கடைசி வீட்டில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா நிமிர்ந்தார். "ஒரு குடமா? யாரு குடம்? உன்ற குடமா?"

"அப்படி இல்லீங்கக்கா."

"புருசன் முனிசிபாலிட்டில பைப்புத் திருகறாருன்னா முதல் தண்ணி உங்கூட்டுக்கு மட்டும் போகோணுமாக்கும்? நாங்கெல்லாம் பொறவு வந்து கைய நீட்டோணும்?"

"இத்தனை நாள் வாயே இல்லாத புள்ளைன்னு நெனச்சோம். இன்னைக்குப் பாரு" என்று இன்னொருத்தர் சொன்னார்.

ராவுத்தர் வீட்டு அக்கா மட்டும் என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் குடங்கள் நின்றிருக்கும், அதோடு ஆர்டரும் நின்றிருக்கும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு வழி தெரியவில்லை. அடுப்பை மூட்டினேன், அணைத்தேன். இவர் அந்த நேரத்தில் வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அது கிரீச்சிட்டதே இல்லை.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன மந்திரி உச்சி வெயிலில் வந்தார். அதற்குள் மைக்செட்டில் போட்ட பாட்டையே போட்டுப் போட்டுக் காது அடைத்துவிட்டது. குடங்கள் வரிசையாக நின்றன. நான் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டேன். ஒரு குடமாவது குறையட்டும் என்றுதான்.

இவர் கிடங்குச் சுவர் ஓரமாக ஸ்பானரோடு நின்றார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

மந்திரி கல்லைத் திறந்தார், குழாயைத் திருகினார். தண்ணீர் நன்றாகவே கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். முதல் குடத்தில் கையை நனைத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மந்திரி, "மருந்து போட்டுச் சுத்தமாக் குடுக்கறீங்க போல. நல்ல காரியம்" என்றார். சேர்மன் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார். கவுன்சிலர் அதற்கும் கீழே குனிந்தார்.

அந்த இடத்தில் அவர் காரில் ஏறியிருக்க வேண்டும். கவுன்சிலர் கார்க் கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் மஞ்சள் பூசின குடங்களைப் பார்த்ததும் மந்திரிக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. "இத்தனை தாய்மாரும் புடிக்கட்டும், நான் இருந்து பாத்துட்டே போறேன்" என்று நின்றுவிட்டார். போட்டோக்காரரும் விடவில்லை. "இன்னொண்ணு, அம்மா இப்படித் திரும்புங்க, இன்னொண்ணு" என்று ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு படம்.

நான் குடங்களைப் பார்க்கவில்லை. இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குடம் நகரும்போதும் அவர் ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தண்ணீர் கட்டை விரல் கனத்திலிருந்து சுண்டு விரல் கனம் ஆயிற்று. இட்லிக்கடை அக்கா குடம் நிறைந்தது. இன்னும் சில குடங்கள் நகர்ந்தன. ராவுத்தர் வீட்டு அக்கா குடத்தை வைத்தார். பாதிக்கு வந்தது. குழாய் இரண்டு தரம் துப்பிவிட்டு நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் மந்திரி.

சேர்மன் முன்னால் வந்தார். "கரண்ட் போயிருச்சுங்கய்யா. மோட்டார் நின்னுருச்சு. இங்க அடிக்கடி..."

மைக்செட்டில் பாட்டு ஓங்கிப் பாடிக்கொண்டிருந்தது. சேர்மனுக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. மைக்செட்காரருக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. அவர் பாய்ந்து பாட்டை நிறுத்தினார். நிறுத்தியிருக்கக் கூடாது. அந்த நிசப்தத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் காலி டிரம் காற்றை உறிஞ்சும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

ராவுத்தர் வீட்டு அக்கா குடத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்பி வரிசையின் கடைசியில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மந்திரியிடம் திரும்பி, "இத்தனை பெரியவங்க நிக்கறாங்கல்லங்க, தண்ணிக்கு வெக்கம் வந்துருச்சாட்ட இருக்குதுங்க" என்றார்.

ஜனம் சிரித்தது. மந்திரியும் சிரித்தார். அவர் சுவருக்கு அந்தப்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. இந்த மாதிரி குழாய்களை அவர் வேறு ஊர்களிலும் திறந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. சிரிப்பு அடங்கியதும், "பிட்டர் யாரு?" என்று கேட்டார்.

இவர் முன்னால் வந்து நின்றார். கவுன்சிலர் மந்திரியின் தோளுக்குப் பின்னாலிருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சேர்மனும் பார்த்தார். இவர் ஸ்பானரை வேட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வால்வை முழுசாத் திறக்காம உட்டுட்டனுங்க. என்ற தப்புதானுங்க" என்றார்.

"சரி, நாளைக்குத் திறந்துரு" என்றார் மந்திரி. பிறகு சேர்மன் பக்கம் திரும்பி, "அடுத்த மாசம் மில் விழாவுக்கு இந்த வழியாத்தான் வருவேன். இதே குழாயில ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுத்தான் போவேன்" என்றார். கார் போய்விட்டது. மாலைகள் கல்லின்மேல் கிடந்தன.

அதற்குப் பிறகு தெரு இவரைத்தான் பிடித்துக்கொண்டது. டிரம் சத்தம் காதில் விழுந்தும், வால்வு என்று அவரே சொல்லிவிட்டதால் அதையே நம்பினார்கள். நம்புவது சுலபமாகவும் இருந்தது. "மந்திரி முன்னால நம்ம தெரு மானத்தையே வாங்கிட்டாரு" என்று இட்லிக்கடை அக்கா என் வாசலைப் பார்த்தே சொன்னார். நான் உள்ளே நின்று கேட்டேன். கதவைச் சாத்தினால் தப்பு, திறந்து வைத்தாலும் தப்பு என்று பாதியாகச் சாத்தி வைத்தேன்.

சாயங்காலம் கவுன்சிலர் வந்தார். உள்ளே வரவில்லை. "நல்லாச் சமாளிச்ச. மறக்க மாட்டேன். சேர்மன்கிட்டச் சொல்லியிருக்கறேன்" என்று இவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். இவர் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஆர்டர் வந்தால் முதலில் கூரைக்கு ஓடு மாற்றலாம் என்றார். நான் தலையாட்டினேன். மனசு மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. வால்வைத் திறக்காதவன் என்று மந்திரி முன்னால் சொன்ன ஆளை எப்படிப் பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று ஒரு தரம், மறக்க மாட்டேன் என்றாரே என்று ஒரு தரம், இப்படியே போய்க்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ராவுத்தர் வீட்டு அக்கா பின்வாசல் வழியாக வந்தார். கையில் அந்தப் பாதிக் குடம்.

"உங்கூட்டுக்கு முதல் தண்ணி வரலையே அம்மிணி. ஏனம் கொண்டா."

"வேண்டாமுங்கக்கா."

"கொண்டான்னா கொண்டா. டிரம்முத் தண்ணின்னாலும் முதல் தண்ணி முதல் தண்ணிதான்."

நான் சொம்பை நீட்டினேன். அவர் சரிபாதி ஊற்றினார். "நேத்தே எங்கிட்டத் தனியாச் சொல்லீருந்தா குடத்தையெல்லாம் எப்படியோ நிறுத்தியிருப்பேன். போ, உனக்கென்ன தெரியும்" என்றார். திட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. கொட்டவும் மனசில்லை, குடிக்கவும் முடியவில்லை. சொம்பை மூடி மாடத்தில் வைத்தேன்.

மறுநாள் காலையில் நகராட்சியிலிருந்து மூன்று ஆட்கள் வந்து தெருவில் உண்மையாகவே குழி தோண்டத் தொடங்கினார்கள். கூட வந்த மேஸ்திரி, இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று இவரிடம் வாசலில் நின்று சொல்லிவிட்டு, ஸ்பானரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போனேன். கேட் சாத்தியிருந்தது.